பிரேசிலும் பயண நூலாசிரியர்களும்

பயண நூல் ஒன்று வீட்டிற்குள் வந்தால் இளையவர்கள் முதலில் கேட்பது, "இதில் ஆபத்து ஏதும் உண்டா?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை. புயலும் பாம்பும் இல்லாத பயணக் கதையில் யாருக்குத்தான் ஆர்வம் பிறக்கும்? ஆனால், ஆபத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு நூல்களைத் தரம் பிரித்தால், பிரேசில் நாட்டைப் பற்றிய நூல்களில் மட்டமானவை முதல் வரிசைக்கும், மிக உயர்ந்தவை கடைசி வரிசைக்கும் போய்விடும். அந்நாட்டைப் பற்றிய பயணச் சாகச நூல்களில் நான் விரும்பிப் படித்த சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை எதனால் நிற்கின்றன, எங்கே சறுக்குகின்றன என்று இங்கே எழுத முற்படுகிறேன்.

தென் அமெரிக்கக் கண்டத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதி பிரேசிலுக்கு உரியது. சுமார் 85 இலட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல் இரண்டரை மடங்கு. வடக்கே அமேசான் பெருங்காடு. வடகிழக்கே மழை பொய்த்துப் பொய்த்து மக்களை ஊரைவிட்டு விரட்டும் வறண்ட உள்நாடு. நடுவே புல்லும் குறுமரமும் கலந்த மேட்டுநிலம். மேற்கே ஆண்டில் சில மாதங்கள் நீருக்கடியில் கிடக்கும் பந்தனால் சதுப்புவெளி. தெற்கே குளிர்காலத்தில் உறைபனி விழும் மேய்ச்சல் நிலம். இத்தனையும் ஒரே நாடு. ஆனால் வெளிநாட்டுப் பயணிகள் எழுதிய நூல்களை அடுக்கிப் பார்த்தால், பிரேசில் என்பது காடு, காட்டுக்குள் ஓர் ஆறு, ஆற்றின் மேல் ஒரு வெள்ளைக்காரர் என்ற அளவில் சுருங்கிப் போகிறது. வறண்ட உள்நாட்டை உலகம் அறியச் செய்தவர் பிரேசில்காரரான எயூக்ளீதெஸ் த குன்யா. 1897-இல் கனூதோஸ் என்னும் ஊரின் மீது நடந்த படையெடுப்பைப் பத்திரிகையாளராகச் சென்று பார்த்துவிட்டு, 1902-இல் அவர் வெளியிட்ட நூல் பயண நூல் வரிசையில் சேராது. எனினும் சொந்த நாட்டிற்குள்ளேயே ஓர் அந்நியரைப் போலச் சென்று, தாம் கொண்டுபோன எண்ணங்கள் உடைவதைத் தாமே கண்டு எழுதியவர் என்பதால் அவரை நினைவு கூர்ந்தேன்.

என் அளவுகோல் மிக எளியது. நூலை மூடியபின், அந்த மண்ணின் மக்களில் எத்தனை பேர் பெயரோடும் பேச்சோடும் நம் நினைவில் நிற்கிறார்கள்? ஆசிரியர் ஒருவரே நிற்கிறாரென்றால், அது பயண நூலன்று. ஆசிரியரின் நிழற்படத் தொகுப்பு.

இவ்வகையில் முதலில் தோற்றுப்போவது பெர்சி ஃபாசெட் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரியின் நூல். காட்டுக்குள் மறைந்து கிடக்கும் பண்டைய நகரம் ஒன்றைத் தேடி, அதற்கு 'இசட்' என்று தாமே பெயர் சூட்டி, தம் மகன் ஜாக்குடனும் மகனின் நண்பருடனும் 1925-இல் மாத்தோ குரோசோ காட்டிற்குள் புகுந்தவர் அவர். மூவரும் திரும்பவில்லை. அவருடைய குறிப்புகளை இளைய மகன் தொகுத்து 1953-இல் நூலாக்கினார். படிக்கத் தொடங்கினால் கீழே வைக்க முடியாது என்பதை மறுப்பதற்கில்லை. தாம் சுட்ட மலைப்பாம்பின் நீளம் 62 அடி என்கிறார். அதில் பாதியளவுப் பாம்பைக் கண்டாலே இன்றைய விலங்கியலார் வியந்து நிற்பார்கள். ஆனால் அந்நூலில் காட்டின் மக்கள் ஒன்று வழிகாட்டி, இல்லையேல் தடை. மூன்றாவது நிலை அவர்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது. மேன்மையான நகரம் ஒன்று அங்கே இருந்திருக்குமானால், அதைக் கட்டியவர்கள் இப்போது கண்ணெதிரே நிற்கும் இம்மக்களின் முன்னோராக இருக்க முடியாது என்ற எண்ணம் அவரைப் பிடித்திருந்தது.

இதற்கு வரலாறு அளித்த மறுமொழி சுவையானது. அவர் மறைந்துபோன மேல் ஷிங்கு ஆற்றுப் பகுதியிலேயே, அங்கு வாழும் குய்க்குரோ மக்களுடன் சேர்ந்து மைக்கேல் ஹெக்கன்பெர்கர் என்னும் தொல்லியலார் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அகழிகளும், அகன்ற நேர்ச்சாலைகளும், வட்டமான மன்றங்களும் கொண்ட ஊர்த்தொகுதிகள் ஐரோப்பியர் வருகைக்கு முன்பே அங்கே செழித்திருந்தன என்று 2003-இல் அவர்கள் வெளியிட்டார்கள். அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் குய்க்குரோ தலைவர் ஒருவரின் பெயரும் இருக்கிறது. கற்கோட்டைகளைத் தேடியவரின் கண்ணுக்கு மண்ணால் அமைந்த ஊர்கள் நகரமாகப் படவில்லை. நிலத்தின் வடிவமும் நிலத்தில் வாழ்வோரின் ஊர்முறையும் ஒன்றையொன்று ஒத்திருந்ததை, அவ்வூர்களில் தங்கிப் பழகியவர்கள் கண்டுகொண்டார்கள்.

ஃபாசெட்டைத் தேடப் போனவர்களின் கதை தனி. 1932-இல் இலண்டன் செய்தித்தாளில் வந்த விளம்பரம் ஒன்றைப் பார்த்துச் சேர்ந்த இளைஞர் கூட்டத்தில் பீட்டர் ஃபிளெமிங்கும் ஒருவர். மறு ஆண்டே 'பிரேசில் சாகசம்' என்ற நூலை எழுதினார். தேடலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை அவர் மறைக்கவே இல்லை. தலைவருக்கும் தொண்டர்களுக்கும் சண்டை மூண்டு, கூட்டம் இரண்டாகப் பிரிந்து, யார் முதலில் கடற்கரை நகரத்தை அடைவது என்று ஓடப் பந்தயம் நடந்ததுதான் மிச்சம். கொசுக்கடியை வீரச்செயலாக்கி எழுதும் வழக்கத்தை அவர் கிண்டல் செய்யும் இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். சாகச நூல்களை விழுங்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த ஒரு நூல் இருந்தால் நல்ல மாற்று மருந்தாகும். ஆனாலும் குறை ஒன்று உண்டு. தம்மைப் பார்த்துச் சிரிக்கும் அதே வேகத்தில் அந்நாட்டு மக்களைப் பார்த்தும் சிரித்துவிடுகிறார். முதல் சிரிப்பில் நேர்மை இருக்கிறது. இரண்டாவதில் சோம்பல் இருக்கிறது.

அமெரிக்க நாட்டு முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் எழுதி 1914-இல் வெளிவந்த நூலைக் கையில் எடுக்கும்போது எனக்கு நல்லெண்ணம் இருக்கவில்லை. வேட்டைத் துப்பாக்கியும் புகழாசையும் சேர்ந்த மனிதர் என்றே நினைத்திருந்தேன். அவை இரண்டும் நூலில் இருக்கவே செய்கின்றன. ஆனால் அவற்றையும் மீறி அந்நூலில் வேறொரு மனிதர் எழுந்து நிற்கிறார். அவர் பிரேசில் படையின் கர்னல் கான்டிடோ ரொன்டோன்.

ரொன்டோனின் தாய்வழி முன்னோர் அந்நாட்டுப் பழங்குடிகள். காட்டையும் மேட்டுநிலத்தையும் ஊடுருவித் தந்திக்கம்பி போடும் பணியில் ஆண்டுக்கணக்காக அலைந்தவர். 1910-இல் பழங்குடி மக்களைக் காக்கும் அரசுத்துறை ஒன்று அமைந்தபோது அதன் முதல் தலைவரானார். எந்நிலையிலும் பழங்குடியினர் மீது சுடக்கூடாது, தேவையானால் சாகலாம், கொல்லக்கூடாது என்பது தம் ஆட்களுக்கு அவர் விதித்த கட்டளை. இன்று ரொன்டோனியா என்னும் மாநிலமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியாததால் 'ஐயத்தின் ஆறு' என்று ரொன்டோன் பெயரிட்டிருந்த ஆற்றில், 1914 பிப்ரவரி இறுதியில் இருவரும் ஓடங்களில் இறங்கினார்கள். ரூஸ்வெல்ட் பட்ட துன்பங்கள் கொஞ்சமல்ல. வேகநீரில் ஓடங்கள் நொறுங்கின. ஓடக்காரர் ஒருவர் மூழ்கி இறந்தார். காலில் ஏற்பட்ட காயம் சீழ்பிடித்து, காய்ச்சல் மேலிட்டு, தம்மை விட்டுவிட்டுப் போகும்படி அவரே கேட்கும் நிலை வந்தது. ஆனால் நூலின் உயிர் இவற்றில் இல்லை. அளவையைப் பற்றி இருவருக்கும் எழுந்த கருத்து வேற்றுமையில் இருக்கிறது. ஆற்றின் ஒவ்வொரு வளைவையும் கோல் நட்டுக் குறித்தாக வேண்டும் என்றார் ரொன்டோன். கோல் நடுவதற்காக ரூஸ்வெல்ட்டின் மகன் ஒரே நாளில் ஏறத்தாழ நூறு தடவை கரையில் இறங்க நேர்ந்தது. உணவு குறைந்துகொண்டே வர, விரைந்து போய்விட வேண்டும் என்றது விருந்தாளியின் அவசரம். நாட்டிற்கு உரியவருக்கோ அது வரைபடத்தில் விடுபட்ட தம் மண். சாகசத்தை நாடி வந்தவருக்கும் பணியை நாடி வந்தவருக்கும் உள்ள தொலைவு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் எழுதப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

மற்றொரு நிகழ்ச்சி. ரொன்டோனின் நாய் அம்புபட்டு இறந்தது. அம்பு விட்டவர்கள் கண்ணில் படவில்லை. ரொன்டோன் என்ன செய்தார்? அந்த இடத்தில் அன்பளிப்புப் பொருள்களை வைத்துவிட்டு நகர்ந்தார். ரூஸ்வெல்ட் இதை விவரிக்கும் நடையில் முழு உடன்பாடு தெரியவில்லை, வியப்பு தெரிகிறது. தமக்குப் புரியாத பெருந்தன்மையைப் புரியாதது போலவே எழுதிவிட்டுப் போகிறாரே, அந்த ஒன்றிற்காக அவரை நான் மன்னித்தேன். கொசுவலைத் தொப்பியும் கையுறையும் அணிந்து, பூச்சிகளுக்கு நடுவே அன்றாடம் எழுதிய எழுத்து அது. பின்னால் நாட்டிற்குத் திரும்பி நாற்காலியில் அமர்ந்து எழுதியிருந்தால் ரொன்டோன் சற்றே சிறுத்தும், ரூஸ்வெல்ட் சற்றே பருத்தும் போயிருக்கக் கூடும்.

ரொன்டோன் போட்ட தந்தித்தடம், வானொலிச் செய்தி வந்தபின் கவனிப்பாரற்றுப் போயிற்று. 1938-இல் அத்தடத்தைப் பின்பற்றியே பிரெஞ்சு மானிடவியலார் லெவி-ஸ்த்ராஸ் நம்பிக்குவாரா மக்களிடம் சென்றார். 1955-இல் வெளிவந்த அவருடைய நூல் பயணங்களையும் பயணிகளையும் வெறுப்பதாகச் சொல்லியே தொடங்குகிறது. பிறகு நானூறு பக்கங்களுக்கு மேல் பயணம் செய்கிறது. எழுத்தறியாத ஒரு தலைவர், பரிசுப் பொருள்களைப் பங்கிடும்போது வெறும் நெளிகோடுகள் கிறுக்கிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டியலை வாசிப்பது போலப் பாவனை செய்த காட்சி அதில் வருகிறது. எழுத்து என்பது அறிவு ஆவதற்கு முன்பே அதிகாரம் ஆகிவிடுகிறது என்று ஆசிரியர் அதிலிருந்து பெரிய முடிவிற்குத் தாவுகிறார். எனக்கு அந்த முடிவைவிட அந்தத் தலைவரின் கூர்மையே பெரிதாகப்பட்டது. இந்நூலைப் பற்றி உலகம் வேண்டிய அளவு எழுதிவிட்டதால் நான் மேலே செல்கிறேன்.

என் நெஞ்சிற்கு மிக அணுக்கமானது ஹென்றி வால்டர் பேட்ஸ் 1863-இல் வெளியிட்ட அமேசான் நூல். 1848-இல் வாலஸ் என்ற நண்பருடன் பேலெம் துறைமுகத்தில் இறங்கினார். நண்பர் நான்காண்டில் ஊர் திரும்பினார். வழியில் கப்பல் தீப்பற்றி, சேகரித்தவற்றில் பெரும்பகுதி கடலோடு போயிற்று. பேட்ஸ் பதினோராண்டுகள் அங்கேயே தங்கினார். அவர் திரட்டியவை 14,712 உயிரினங்கள், பெரும்பாலும் பூச்சிகள். அவற்றுள் சுமார் 8,000 அறிவியல் உலகம் அதுவரை அறியாதவை. சுவையற்ற வண்ணத்துப்பூச்சியின் கோலத்தைச் சுவையுள்ள வேறோர் இனம் பூண்டு, பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது என்னும் உண்மையைக் கண்டு சொன்னவர் அவரே. அந்த ஒப்பனைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

இது அறிவியலுக்குக் கிடைத்த இலாபம். இலக்கியத்திற்குக் கிடைத்தது வேறு. காடு பேட்ஸின் நூலில் ஓர் ஊராக இருக்கிறது. இன்று தெஃபே என்று வழங்கும் எகா என்னும் சிற்றூரில் அவர் நான்கரை ஆண்டுகள் குடியிருந்தார். அண்டை வீட்டார், பண்டிகைகள், வம்புகள், கடன்கள் எல்லாம் அதில் உண்டு. பணம் வந்து சேராமல் ஓராண்டு முழுதும் உடை கந்தலாகி, செருப்பின்றித் திரிந்ததைப் புலம்பலின்றிச் சொல்கிறார். ஊரிலிருந்து எப்போதாவது வரும் வாரப் பத்திரிகையை மும்முறை படிப்பாராம். மூன்றாம் முறை விளம்பரங்களை. தனிமையைப் பற்றி இதைவிட நன்றாகச் சொல்ல எந்தக் கவிஞருக்கும் வாய்க்காது. அந்தோனியோ கர்டோசோ என்னும் ஊர் அதிகாரியுடன் ஆற்றுமணல் திட்டிற்கு ஆமை முட்டை எடுக்கப் போன அத்தியாயம், ஒரு திருவிழாவின் வருணனை போலத் தொடங்குகிறது. பிறகு சேரும் எண்ணெய்க் குடங்களைக் கொண்டு கணக்குப் போட்டு, ஆண்டிற்கு 4 கோடியே 80 இலட்சம் முட்டைகள் அழிகின்றன என்று முடிவு சொல்கிறார். விழாவை அனுபவித்த மனிதரே கணக்கையும் போடுகிறார் என்பதில்தான் அந்த அத்தியாயத்தின் எடை இருக்கிறது.

அங்குள்ளவர்களின் அன்றாட உணவு மரவள்ளிக்கிழங்கை வறுத்துப் பொடித்த மாவு. அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பேட்ஸ் விரிவாக எழுதும்போது நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. மரவள்ளியும், அன்னாசியும், விருந்துச் சோற்றில் நாம் வறுத்துத் தூவும் முந்திரியும் அந்த மண்ணிலிருந்தே கடல் கடந்து வந்தவை. அன்னாசி என்ற சொல்லே அங்குள்ள துப்பி மொழியில் பிறந்தது. அவர் சில ஆண்டுகள் தங்கி ஆராய்ந்த தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்துதான் 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் சுமார் 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்திற்குக் கொண்டு போனார். அவற்றின் நாற்றுகள் இலங்கைக்கும் மலாயாவிற்கும் வந்தன. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் கதைக்கு முதல் அத்தியாயம் அந்த ஆற்றங்கரையில் இருக்கிறது.

பேட்ஸின் நூலில் மறக்க முடியாத பகுதி எதுவென்று கேட்டால், பூச்சிகளையோ பறவைகளையோ சொல்லமாட்டேன். ஒரியா என்ற சிறுமியைச் சொல்வேன். உள்காட்டு இனத்தாரிடமிருந்து பிடித்து வரப்பட்டு, வணிகர் கைமாறி எகாவிற்கு வந்த குழந்தை அவள். காய்ச்சலில் கிடந்தபடி, தன் ஊரில் தோழிகளோடு கற்ற பாடல்களை மணிக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அவள் இறந்தபோது, ஊர்ப் பெரியவர்களின் எதிர்ப்பையும் மீறி, வெள்ளையர் குழந்தைக்குரிய மரியாதையோடு அடக்கம் செய்ய வேண்டுமென்று பேட்ஸ் வற்புறுத்தினார். படிக்கும்போது கண் கலங்குகிறது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றைக் கேட்காமலும் இருக்க முடியவில்லை. பிள்ளைகளைப் பிடித்து விற்கும் அந்த வழக்கத்தை, ஊரின் ஏனைய வழக்கங்களில் ஒன்றாகவே அவர் குறித்துச் செல்கிறாரே, ஏன்? ஆமை முட்டைக்குக் கணக்குப் போட்டவர் குழந்தைகளுக்குக் கணக்குப் போடவில்லை.

அடிமை வணிகம் என்ற இந்தப் புள்ளியில் நிற்கும்போது, நம்மவர் ஒருவர் எழுதிய நூலின் நினைவு வருகிறது. 1865-இல் உதுமானியப் பேரரசின் போர்க்கப்பல்கள் இரண்டு இஸ்தன்புல்லிலிருந்து பஸராவிற்குப் புறப்பட்டன. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல்தான். எனவே ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போயாக வேண்டும். புயல் அவற்றை அட்லாண்டிக் கடலின் மறுகரைக்கே தள்ளிவிட, 1866-இல் ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தை அடைந்தன. கப்பலின் இமாம் அப்துர் ரஹ்மான் அல் பக்தாதி. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் கறுப்பின மக்கள் சிலர் அவரை நோக்கி ஸலாம் உரைத்தார்கள். உலகின் இந்தக் கோடியில் முஸ்லிம்களா என்று கப்பலில் இருந்தவர்கள் திகைத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் மக்களும் அவர்கள். தங்களுக்கு மார்க்கம் கற்பிக்க இமாமை விட்டுச் செல்லும்படி வேண்டினார்கள். கப்பல் போயிற்று; இமாம் தங்கினார். ரியோவிலும், பிறகு பஹியாவிலும், பெர்னாம்புகோவிலும் ஏறத்தாழ மூன்றாண்டுகளைக் கழித்தார். அவர் எழுதிய நூலின் பெயர் 'முஸல்லியத்துல் கரீப் பி குல்லி அம்ரின் அஜீப்'. வியப்பான செய்திகளால் அயலூரானுக்கு ஆறுதல் தருவது என்று பொருள் கொள்ளலாம். கையெழுத்துப் படி பெர்லின் நூலகத்தில் இருக்கிறது. 2007-இல் போர்த்துகீசிய மொழிபெயர்ப்பு அச்சாயிற்று.

ஃபாசெட்டும் ஃபிளெமிங்கும் சாகசத்தைத் தேடிச் சென்றார்கள். இமாமைச் சாகசம் தேடி வந்தது. அவர் எந்த ஆற்றையும் அளக்கவில்லை, எந்த விலங்கையும் சுடவில்லை. தெரியாத நாட்டில், தெரியாத மொழியில், மறைவாக மார்க்கத்தைப் பேணிய மக்களிடையே ஒரு மனிதர் தங்க முடிவு செய்தார் என்பதே இதில் சாகசம்.

அம்மக்கள் ஏன் மறைந்து வாழ்ந்தார்கள் என்பதற்குக் காரணம் முப்பதாண்டுகளுக்கு முந்தியது. 1835 ஜனவரி 24 இரவு, பஹியா மாநிலத் தலைநகரான சால்வடோரில் முஸ்லிம் அடிமைகள் முன்னின்று எழுச்சி செய்தார்கள். ஹிஜ்ரி 1250, ரமலான் மாதத்தின் கடைசிப் பத்து நாட்கள் அவை. சுமார் அறுநூறு பேர் தெருவில் இறங்கினார்கள். ஏறத்தாழ எழுபது பேர் மாண்டார்கள். எழுச்சி ஒடுக்கப்பட்டபின் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பலர் கசையடி பட்டார்கள். பலர் ஆப்பிரிக்காவிற்கு நாடு கடத்தப்பட்டார்கள். வீடுகளிலும் கழுத்துத் தாயத்துகளிலும் கிடைத்த அரபுத் தாள்கள் குற்றச்சான்றாக நீதிமன்றம் ஏறின. அதற்குப் பிறகு அரபெழுத்து உள்ள தாள் ஒன்றை வைத்திருப்பதற்கே துணிவு வேண்டும். பிரேசிலில் அடிமை முறை முற்றிலும் ஒழிந்தது 1888-இல்தான்.

இந்தப் பின்னணியோடு இமாமின் நூலைப் படிக்கையில் மகிழ்ச்சியோடு சிறிது வருத்தமும் எழுகிறது. தொழுகையில் பிழை, நோன்பில் பிழை, வாரிசுரிமையில் பிழை என்று அவர் கண் பெரும்பாலும் திருத்த வேண்டியவற்றையே தேடுகிறது. ஷஃபான் மாதத்தை ரமலான் என்று எண்ணி நோன்பு நோற்றுக்கொண்டிருந்தார்கள் என்கிறார். ஆசிரியர் என்ற முறையில் அவர் திருத்தியது சரி. ஆனால் பயண நூலாசிரியர் என்ற முறையில் இன்னொன்றையும் பார்த்திருக்க வேண்டும். பிறையைப் பார்த்துச் சொல்ல ஆளில்லாத நாட்டில், எசமானனின் கண்காணிப்பிற்குள், ஒரு மாதம் முன்பின் தவறியேனும் ஒரு திங்கள் முழுதும் பசித்திருந்தார்களே, அதை எப்படிச் சாதித்தார்கள்? யார் யாருக்குக் கற்றுக் கொடுத்தார்? தாய்மார் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லி வளர்த்தார்கள்? நமக்குப் பசி எடுப்பது இந்தச் செய்திகளுக்குத்தான். அவற்றை அவர் கிள்ளித்தான் தருகிறார்.

அவர் தராத ஒரு செய்தியை, எதிர்பாராத ஒருவர் தந்திருக்கிறார். மனித இனங்களில் உயர்வு தாழ்வு கற்பித்து நூல் எழுதிய பிரெஞ்சுக்காரர் கோபினோ, 1869-இல் ரியோவில் தூதராக இருந்தார். அந்நகரில் பிரெஞ்சுப் புத்தகக் கடை ஒன்று ஐரோப்பாவிலிருந்து வரவழைத்து ஆண்டிற்கு ஏறத்தாழ நூறு குர்ஆன் பிரதிகளை விற்றது என்றும், வாங்கியவர்கள் அடிமைகளும் முன்னாள் அடிமைகளும் என்றும், விலையைக் கட்ட முடியாமல் ஓராண்டுத் தவணையில் செலுத்தியவர்கள் உண்டு என்றும் தம் அரசுக்கு எழுதினார். கறுப்பினத்தார்க்கு அறிவில்லை என்று நூல் எழுதியவரின் கையாலேயே இந்தச் சான்று பதிவாகியிருக்கிறது. இமாம் பாடம் நடத்திய அதே நகரம், அதே ஆண்டுகள். அந்த வாடிக்கையாளர்களுள் ஒருவரையாவது அவர் தம் நூலில் நமக்கு நேருக்கு நேர் அறிமுகப்படுத்தியிருந்தால், இந்த வரிசையில் பேட்ஸுக்கும் மேலே அவரை வைத்திருப்பேன்.

அந்தக் குறையை ஓரளவு நிறைவு செய்யும் சிறு நூல் ஒன்று உண்டு. பயண நூல் என்று யாரும் அதைச் சொல்வதில்லை. முஹம்மது கார்டோ பக்குவாக்குவா இன்றைய பெனின் நாட்டின் ஜூகு நகரத்தில் முஸ்லிம் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். குர்ஆன் பள்ளியில் சேர்க்கப்பட்டு, படிப்பில் மனம் செல்லாத பிள்ளை. அண்ணன் மார்க்கம் கற்பிக்கும் ஆசிரியர். சூழ்ச்சியால் பிடிபட்டு விற்கப்பட்டு, 1845-இல் பெர்னாம்புகோவில் இறக்கப்பட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1831-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருந்தது என்பதைச் சேர்த்து நினைத்துப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாத கப்பல் அடித்தளத்தை அவர் விவரிக்கும் பகுதியை, ஓடம் கவிழ்ந்ததைப் பெருமையாக எழுதும் சாகசக்காரர்கள் ஒருமுறை படிக்க வேண்டும்.

அவரை வாங்கியவர் ரொட்டி சுடுபவர். மாலையில் வீட்டில் வழிபாடு நடக்கும். அடிமைகள் மண்டியிட்டு மந்திரம் சொல்ல, எசமானன் கையில் சாட்டையோடு நிற்பான். வேறெந்த வருணனையும் இல்லாமல் இந்த ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறார். தெருத்தெருவாக ரொட்டி விற்றார், கல் சுமந்தார், வாழ்க்கையை வெறுத்து ஆற்றில் விழுந்து, பிழைக்க வைக்கப்பட்டார். பின்பு ரியோவில் ஒரு கப்பல் தலைவனுக்கு விற்கப்பட்டு, தென்கரைத் துறைகளைக் கண்டு, 1847-இல் காப்பி மூட்டைகளோடு நியூயார்க் போய்ச் சேர்ந்தார். விடுதலை என்னும் பொருளுடைய சொல்தான் அவர் கற்ற முதல் ஆங்கிலச் சொல். நியூயார்க்கிலிருந்து தப்பி ஹைத்தித் தீவுக்குச் சென்றார். 1854-இல் டெட்ராய்ட் நகரில், அவர் சொல்ல மற்றொருவர் எழுதிய வரலாறு அச்சாயிற்று.

ஹைத்தியில் அவர் கிறிஸ்தவம் தழுவினார். இதனால் இந்நூலைக் கையில் எடுக்க நம்மில் சிலருக்குத் தயக்கம் ஏற்படலாம். இமாமின் நூலை மட்டும் போற்றி, இதை ஒதுக்கிவிடத் தோன்றலாம். அது சரியன்று என்பது என் கருத்து. இமாமின் நூல் கற்பிக்க வந்தவரின் பார்வை. இது யாருக்குக் கற்பிக்கப்பட வேண்டியிருந்ததோ அவர்களுள் ஒருவரின் குரல். எழுதியவரின் கை இடையில் புகுந்திருக்கிறது என்பதையும் மறக்கலாகாது. கிறிஸ்தவ வாசகர்களுக்காக மெருகேற்றிய வாக்கியங்கள் வெளிப்படையாகவே தெரிகின்றன. அவற்றைச் சற்று விலக்கிவிட்டுப் படித்தால், ஊரையும் தாயையும் நினைத்து ஏங்கும் அந்த மனிதர் தெளிவாகவே கேட்கிறார். பிரேசிலில் அடிமையாயிருந்த ஆப்பிரிக்கர் ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே சொல்லி அச்சேறியதாக நாம் அறிந்த நூல் இது ஒன்றே.

பக்குவாக்குவா தலையில் கூடையோடு ரொட்டி விற்ற பெர்னாம்புகோ மாநிலத்திற்கு, அவர் போய் இருபதாண்டுகள் கழித்து இமாம் அப்துர் ரஹ்மான் வந்தார். இரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க விரும்புவோர், முதலில் சிறியதைப் படித்துவிட்டுப் பிறகு இமாமிடம் வருவது நல்லது. அவர் பிழை என்று குறிக்கும் இடங்களில் அப்போது சற்று நின்று படிக்க முடியும்.